பதினைந்து வயது

காற்பந்துக்கும் எனக்கும் உள்ள உறவு மிகப் பழையது. நல்லுறவு என்று மட்டும் சொல்ல இயலாது. பிற்பகலில் வைக்கும் தமிழ்ச் சிறப்பு வகுப்புக்கு ஒருவன் வரவில்லையென்றால் அவன் திடலில் இருப்பான். என் மாணவர்களைக் களவாடிச் செல்லும் பகையாகவே அந்தத் தோற்பந்தை நெடுங்காலம் எண்ணி வந்தேன்.

அத்தகைய நான், 2010ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒருநாள் மாலை, நாற்பது மாணவர்களோடு ஜாலான் புசார் விளையாட்டரங்கில் அமர்ந்திருந்தேன். உலகின் முதலாவது இளையர் ஒலிம்பிக் விளையாட்டுகள் அம்மாதம் 14 முதல் 26 வரை சிங்கப்பூரில் நடைபெற்றன. பள்ளிகளுக்கு நுழைவுச் சீட்டுகள் வந்தன. எங்கள் உடற்கல்வி ஆசிரியர் விடுப்பில் இருந்தமையால் மாணவர்களை அழைத்துச் செல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. முணுமுணுத்துக்கொண்டேதான் பேருந்தில் ஏறினேன் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஜாலான் புசார் அரங்கு 1929இல் திறக்கப்பட்டது. 1942இல் ஜப்பானியர் சீன ஆடவர்களைக் கூட்டி நிறுத்திப் பிரித்தெடுத்த இடங்களுள் அதுவும் ஒன்று. பிரித்தெடுக்கப்பட்ட பலர் வீடு திரும்பவில்லை. அதே மண்ணில்தான் பின்னாளில் நம் முன்னோர் மலாயாக் கிண்ண ஆட்டங்களைக் கண்டு கூவினார்கள். தேக்காவில் கடையடைத்துவிட்டு நடந்தே வந்துவிடலாம் அல்லவா? பழைய அரங்கு இன்றில்லை. 2003இல் புதிதாய் எழுந்த அரங்கில், செயற்கைப் புல்லின் மீதுதான் அந்தச் சிறுவர்கள் ஆடினார்கள்.

சிறுவர்கள் என்றேன். ஆடிய அனைவரும் 1995ஆம் ஆண்டில் பிறந்தவர்கள். அதுவே போட்டியின் விதி. உலகின் ஆறு காற்பந்து வட்டாரங்களிலிருந்து வட்டாரத்திற்கு ஒன்றாக ஆறே குழுக்கள்: பொலிவியா, ஹைட்டி, மாண்டினீக்ரோ, வனுவாட்டு, சிம்பாப்வே, இவற்றுடன் விருந்தோம்பும் சிங்கப்பூர். பெரும் காற்பந்து நாடு ஒன்றேனும் அப்பட்டியலில் இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது. நம் பிள்ளைகள் சிம்பாப்வேயையும் மாண்டினீக்ரோவையும் வென்று அரையிறுதிக்கு வந்திருந்தார்கள். அன்று எதிரே நின்றது ஹைட்டி.

அவ்வாண்டு ஜனவரி 12ஆம் நாள் ஹைட்டி நாட்டை நிலநடுக்கம் உலுக்கியது. தலைநகர் சரிந்தது, எண்ணற்றோர் மாண்டனர். அந்நாட்டுக் காற்பந்துச் சங்கத்தின் கட்டடமும் இடிந்து, உள்ளே இருந்த அலுவலர் பலர் உயிரிழந்தனர். ஏழே மாதங்களில் அந்நாட்டுப் பிள்ளைகள் உலகின் மறுபுறம் வந்து பந்தாடினார்கள். அவர்களுள் யார் யாரை இழந்தான் என்பதை முகத்திலிருந்து அறிய முடியவில்லை. பந்து காலுக்கு வந்ததும் மற்ற எல்லாப் பதினைந்து வயதுக்காரர்களையும் போலவே ஓடினார்கள்.

நாம் 0-2 என்ற கோல் கணக்கில் தோற்றோம். தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த என் மாணவர்கள் வாயடைத்துப் போனார்கள். நானோ, ஆட்டத்தின் நடுவிலேயே வேறோரிடத்திற்குச் சென்றுவிட்டேன்.

அது 1986ஆம் ஆண்டு. உயர்நிலை மூன்றாம் வகுப்பில் எனக்கொரு மாணவன் இருந்தான், பதினைந்து வயது. பள்ளிக்கு வெளியே ஒரு பயிற்சிக் குழுவில் அவனுக்கு இடம் கிடைத்திருந்தது. அவன் தந்தை கப்பல் பட்டறைத் தொழிலாளி. ஒப்புதல் படிவத்தை எடுத்துக்கொண்டு, வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் என்னைத் தேடி வந்தார். “வாத்தியார் ஐயா, எனக்கு ஒன்றும் தெரியாது. நீங்கள் போடச் சொன்னால் கையெழுத்துப் போடுகிறேன்” என்றார்.

“பந்தா சோறு போடப்போகிறது?” என்றேன் நான்.

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அதன்பின் அம்மாணவன் ஒரு சிறப்பு வகுப்புக்கும் வராமல் இருந்ததில்லை. தேர்வில் தமிழில் நல்ல தேர்ச்சி பெற்றான். அதை என் வெற்றியாகவே ஆசிரியர் அறையில் சொல்லிக்கொண்டேன். பல்லாண்டு கழித்து ஒரு திருமண வீட்டில் என்னைக் கண்டு ஓடி வந்தான். நல்ல பணியில் இருந்தான். “இப்போது பந்தாடுவதுண்டா?” என்று கேட்டேன். “இல்லை சார், அப்போதே விட்டுவிட்டேன்” என்று சிரித்தான். அந்தச் சிரிப்பில் குறையொன்றும் இல்லை. ஏசியிருந்தால் நான் ஏதேனும் மறுமொழி சொல்லியிருப்பேன்.

நான் கொடுத்த அறிவுரை தவறென்று இன்றும் சொல்லமாட்டேன். அந்நாளில் பந்தை நம்பி வாழ்ந்தோர் இந்நாட்டில் எத்தனை பேர்? என்னை உறுத்துவது வேறு. அவன் ஆடி நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பள்ளித் திடல் என் வகுப்பறைச் சன்னலுக்குக் கீழேதான் இருந்தது. கட்டுரையைப் படிக்காமலே மதிப்பெண் போடும் ஆசிரியரை நாம் என்ன சொல்வோம்?

பின்னர் நம் பிள்ளைகள் மாண்டினீக்ரோவை 4-1 என வென்று வெண்கலம் பெற்றார்கள். இறுதியாட்டத்தில் பொலிவியா ஹைட்டியை 5-0 என்று வீழ்த்தியது. அதைத் தொலைக்காட்சியில் தனியே அமர்ந்து பார்த்தேன். நம்மை வென்றவர்கள் என்பதை மறந்து, ஒரு கோலாவது அடிக்க மாட்டார்களா என்று ஏங்கினேன். இளையர் ஒலிம்பிக்கில் பெருந்திடல் காற்பந்து 2014இல் நான்ஜிங்கில் மீண்டும் ஆடப்பட்டது. 2018இல் புவெனஸ் அயர்ஸில் அதன் இடத்தை உள்ளரங்க ஆட்டமான புட்சால் பிடித்துக்கொண்டது.

அரையிறுதிக்கு மறுவாரம் வகுப்பில் ‘நான் கண்ட ஆட்டம்’ என்று கட்டுரை எழுதச் சொன்னேன். எப்போதும் அரைப் பக்கத்தோடு பேனாவை மூடிவிடும் ஒருவன் மூன்று பக்கம் எழுதியிருந்தான். லகர ளகரம் அனைத்தும் இடம் மாறிக் கிடந்தன. தலைப்பிலேயே ‘கால்பந்து’ என்று போட்டிருந்தான். லகரம் றகரமாகத் திரியும் என்று எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருப்பேன்!

சிவப்பு மையைத் திறந்தேன். முதலில் முழுவதையும் படித்துவிடுவோம் என்று மீண்டும் மூடி வைத்தேன். இரண்டாம் பக்கத்தில், தோற்ற நம் வீரன் ஒருவனைக் கைகொடுத்துத் தூக்கிவிட்ட ஹைட்டிச் சிறுவனைப் பற்றி எழுதியிருந்தான். அவனருகிலேயே அமர்ந்திருந்தும் நான் அதைப் பார்க்கவில்லை.