சேற்றில் நடக்கும் உளுவை

விருதுநகர் வட்டாரத்தில் கண்மாய் மீன் உண்டு வளர்ந்தவர்களுக்கு உளுவை புதிதன்று. விராலும் கெளுத்தியும் போக, வலையில் எஞ்சும் சிறு மீன்களுள் அதுவும் ஒன்று. அதன் உறவினங்கள் பெரும்பாலும் கடலிலும் கடலோரச் சேற்றிலுமே வாழ்கின்றன என்பதை, என் தமக்கை முத்துப்பேட்டையில் வாழ்க்கைப்பட்ட பின்னரே நான் அறிந்தேன்.

பாமினியாறும் கோரையாறும் கடலைச் சேரும் அவ்விடத்தில் பரந்து கிடக்கிறது அலையாத்திக் காடு. நீர் வடிந்த சேற்றில் விரல் நீளமே உள்ள உளுவைகள் முன்துடுப்புகளை ஊன்றி நடக்கின்றன. வாலைச் சுண்டித் தாவுகின்றன. கண்கள் தலையுச்சியில் புடைத்து நிற்கின்றன. "இது மீனா, தவளையா? உண்ணலாமா?" என்று என் தாயார் கேட்டார்கள். செவுளும் துடுப்பும் இருப்பதால் மீன்தான் என்றார் மச்சான். உண்பது பற்றி அவர் வாய் திறக்கவில்லை. கொடுவாவும் இறாலும் கிடைக்கும் ஊரில் இதனை யார் தேடப் போகிறார்கள்!

தோலும் வாயின் உட்புறமும் ஈரமாக இருக்கும்வரை இம்மீன் காற்றிலிருந்தே உயிர்வளியைப் பெறும். ஆகவேதான் அடிக்கடி சேற்றில் புரள்கிறது. முட்டையிடுவதோ மண்ணுக்குள் தோண்டிய வளையில். அங்குள்ள நீரில் உயிர்வளி மிகக் குறைவு. இவ்வகை மீன் ஒன்றை ஜப்பானில் ஆராய்ந்தவர்கள் வியப்பான செய்தி ஒன்றைக் கண்டனர். ஆண் மீன் வாய் நிறையக் காற்றை எடுத்துச் சென்று முட்டை அறையில் விடுகிறது. பொரிக்கும் தருணம் வந்ததும், கடல் ஏறும் இரவில், அக்காற்றை வாயாலேயே வெளியேற்றி நீரை உள்ளே விடுகிறது. குஞ்சுகள் நீரில் விழித்தெழுகின்றன. தகப்பன்மார் இதனைச் சற்றே நினைத்துப் பார்க்கலாம்.

2018 நவம்பர் 16 அன்று கஜாப் புயல் அக்காட்டைச் சிதைத்தது. மச்சானின் படகும் போயிற்று. "சிவகாசியில் ஏதேனும் வேலை பார்த்துத் தாருங்கள், மாமா" என்று தமக்கையின் மகன் தொலைபேசியில் கேட்டான். எதைப் பார்த்துத் தருவது? பட்டாசு குறித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அதற்கு முந்திய மாதம்தான் வந்திருந்தது. பேரியம் கலந்த வெடிகளுக்கும் சரவெடிகளுக்கும் தடை. ஆலைகள் மூடிக் கிடந்தன. எங்கள் தெருவிலேயே பலர் வேலையின்றி அமர்ந்திருந்தனர். வேலை இருந்தாலும் மருந்து அறைக்கு அவனை அனுப்ப எனக்கு மனம் வந்திராது. பொறுத்திரு என்றேன். பசித்தவனிடம் அதைச் சொல்வது எளிதன்று.

மறு ஆண்டு சென்றபோது மரங்கள் பல இலையற்று நின்றன. அவற்றின் அடியில், ஈரம் தங்கிய இடங்களில் மட்டும் உளுவைகள் துள்ளின. வாய்க்கால் தூர்ந்து ஓதம் எட்டாத மேட்டில் சேறு வெடித்துக் கிடந்தது. அங்கே ஒன்றுகூட இல்லை. ஓதம் ஏறி இறங்கினால்தான் அலையாத்தி விதை வேர்பிடிக்கும். நீர் தேங்கிக் காய்ந்தால் மண்ணில் உப்பு ஏறிவிடும். காட்டை மீட்க மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டுவதும் இதற்காகவே. என்னுடன் வந்த மருமகன் அந்த வெடிப்புகளை நெடுநேரம் பார்த்து நின்றான்.

ஊர் திரும்பிய மறுவாரம் அவனிடமிருந்து அழைப்பு வந்தது. சிவகாசிப் பேச்சை எடுக்கவில்லை. மீன்பிடி வாய்க்காலைத் தூர்வார இரண்டு மண்வெட்டிகள் வேண்டுமாம். விருதுநகரில் விலை என்ன என்று கேட்டான்.