நாவின் முடிச்சு



காரைக்காலில் பிறந்த நான், இருபது ஆண்டுகளாகப் பாரிஸின் வடபுறப் புறநகர் ஒன்றில் வாழ்ந்து வருகிறேன். வார நாட்களில் புதிதாகக் குடியேறிய பெண்களுக்குப் பிரெஞ்சு கற்பிக்கிறேன். ஞாயிறுதோறும் அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். எஞ்சிய பொழுதில் அயல்நாட்டுத் திரைப்படங்கள் பார்க்கிறேன். இம்மூன்றும் ஒன்றையொன்று தொட்டு நிற்பவை என்பதை மெல்ல மெல்லவே உணர்ந்தேன்.

எங்கள் ஊருக்குப் பிரெஞ்சு புதிதன்று. 1954 நவம்பர் 1ஆம் நாள் நிருவாகம் கைமாறும் வரை காரைக்கால் பிரெஞ்சியர் வசமே இருந்தது. 1962இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களும் உண்டு. ஆயினும், கையில் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு இருந்தும் அம்மொழியில் ஒரு வாக்கியம் பேச நா எழாத பெண்கள் பலரை நான் கண்டிருக்கிறேன்.

வகுப்பின் முதல் தடை எண்கள். எழுபதை ‘அறுபது பத்து’ என்றும், எண்பதை ‘நான்கு இருபது’ என்றும், தொண்ணூறை ‘நான்கு இருபது பத்து’ என்றும் சொல்லும் மொழி அது. தொலைபேசி எண் ஒன்றைக் கேட்டு எழுதுவதற்குள் வியர்த்துவிடும். இரண்டாவது தடை, தொண்டையிலிருந்து எழும் பிரெஞ்சு ‘ர’. இதில் மட்டும் நம் பெண்களுக்கு ஒரு சலுகை உண்டு. சிறுவயதில் மதரஸாவில் தஜ்வீதோடு ஓதப் பழகியவர்களிடம், “ஃகைன் எழுத்தை எங்கிருந்து உச்சரிப்பீர்கள்? அந்த இடத்திலிருந்தே சொல்லுங்கள்” என்பேன். அடுத்த கணமே ஒலி ஏறக்குறையச் சரியாக வந்துவிடும். தமக்கு ஒன்றும் தெரியாது என்று எண்ணி வந்தவர்களின் முகம் அப்போது மலர்வதைப் பார்க்க வேண்டும்.

தென் தமிழகக் கடற்கரை ஊர் ஒன்றைச் சேர்ந்த சகோதரி ஒருவர் என்னிடம் படித்தார். கடும் வயிற்றுவலி, கணவருக்கு இரவு வேலை. ஆகவே, பத்து வயது மகனை மொழிபெயர்க்க அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் சென்றார். பித்தப்பையில் கல் இருக்கிறது, அறுவை சிகிச்சை தேவை என்றார் மருத்துவர். பையனோ, “மாத்திரை போட்டால் சரியாகிவிடுமாம் உம்மா” என்று சொல்லிவிட்டான். சில வாரங்களில் நாள் குறித்த கடிதம் வந்தது. அதை என்னிடம் கொடுத்து, “ராத்தா, இதில் என்ன எழுதியிருக்கிறது?” என்றார். படித்துச் சொன்னேன். மகன் தம்மிடம் பொய் சொன்னானே என்ற வருத்தமே அவருக்கு நோயைக் காட்டிலும் பெரிதாக இருந்தது.

அந்த மாதம் வகுப்பில் மஜீத் மஜீதியின் ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ என்ற 1997ஆம் ஆண்டு ஈரானியப் படத்தைக் காட்டினேன். தங்கையின் காலணியைத் தொலைத்துவிட்ட அலீ, ஏழைப் பெற்றோருக்குத் தெரியாமல் தன் காலணியையே அவளோடு பகிர்ந்துகொள்கிறான். காலைப் பள்ளி முடிந்து அவள் ஓடிவர, அதை அணிந்துகொண்டு இவன் ஓட வேண்டும். பெற்றோர் அருகில் இருக்கையில் இருவரும் குறிப்பேட்டில் எழுதியே பேசிக்கொள்கிறார்கள்.

பார்சி மொழி எங்களில் எவருக்கும் தெரியாது. துணைவரிகளையும் நீக்கிவிட்டேன். ஆசிரியையும் மாணவியரும் ஒரே பெஞ்சில் அமர்ந்துவிட்ட நிலை அது. முகத்தைப் பார்த்தே கதையை அறிய வேண்டும். அறிந்ததைப் பிரெஞ்சில் சொல்ல வேண்டும். காலணி, ஓடுகிறான், அஞ்சுகிறாள் என்று சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. இறுதியில் அச்சகோதரி எழுந்து, திக்கித் திக்கிப் பிரெஞ்சில் சொன்னார்: “பையன் கெட்டவன் இல்லை. உம்மாவுக்குக் கவலை வேண்டாம் என்று மறைக்கிறான்.” சற்று நின்று, “இனி நானே கேட்பேன்” என்றார். அறுவை சிகிச்சைக்கு முந்தைய சந்திப்புக்கு அவர் தனியாகவே சென்று வந்தார். அல்ஹம்துலில்லாஹ், இன்று நலமாக இருக்கிறார்.

சினிமா என்றதும் முகம் சுளித்தவர்களும் உண்டு. அவர்களுடைய தயக்கத்தை நான் குறைவாக மதிப்பதில்லை. காட்டும் படத்தை முன்னரே முழுவதும் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறேன். வீட்டிலிருந்து பார்க்க விரும்புவோருக்கு, ஃபிலிப் ஃபலார்தோவின் ‘மிஸ்யூ லசார்’ என்ற 2011ஆம் ஆண்டுக் கனடியப் படத்தைப் பரிந்துரைப்பேன். அல்ஜீரியாவிலிருந்து அடைக்கலம் தேடி மொன்றியலுக்கு வந்து, துயரில் உறைந்த பிள்ளைகளின் வகுப்பறையில் ஆசிரியராகும் ஒருவரின் கதை அது. தன் துயரை வெளியே சொல்லாமலே பிறர் பிள்ளைகளின் துயருக்குச் சொல் தேடித் தருகிறார் அம்மனிதர். பெரியவர்களுக்கான படம், கனமானது.

இப்போது சட்டமும் இறுகியுள்ளது. 2026 ஜனவரி முதல், பத்தாண்டு வதிவிட அட்டைக்குப் பொதுவாக பி1 நிலைப் பிரெஞ்சும், குடியுரிமைக்கு பி2 நிலையும் கேட்கப்படுகின்றன. ஆனால் அட்டைக்காக மட்டும் மொழி கற்றால் போதாது. ஞாயிற்றுக்கிழமை நான் தமிழ் கற்பிப்பதற்கும் காரணம் இதுவே. பிள்ளைக்குப் பிரெஞ்சும் உம்மாவுக்குத் தமிழும் மட்டுமே தெரிந்தால், ஒரே வீட்டில் இருவரும் அயலார் ஆகிவிடுவர்.

நபி மூஸா (அலை) அவர்கள் தம் நாவின் முடிச்சை அவிழ்க்குமாறு இறைவனிடம் வேண்டினார்கள். தம்மைவிடத் தெளிவாகப் பேசும் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகவும் கேட்டார்கள். துணை கேட்பதில் இழிவில்லை. ஆனால் அந்தத் துணையின் பாரத்தைப் பத்து வயதுத் தோள்களில் ஏற்றலாகாது.

மகளை வெளிநாட்டுக்கு மணமுடித்து அனுப்பும் பெற்றோரே, நகையையும் துணிமணியையும் எண்ணும்போது, அந்நாட்டு மொழியில் ஆறு மாதப் பயிற்சியையும் அவற்றோடு சேர்த்துக் கொடுங்கள். மனைவியை அழைத்துவரும் சகோதரர்களே, வாரத்தில் இரு மாலைப்பொழுதுகள் பிள்ளைகளை நீங்கள் பார்த்துக்கொண்டு அவரை வகுப்புக்கு அனுப்புங்கள். நம் அனைவரின் நாவின் முடிச்சுகளையும் அல்லாஹ் அவிழ்த்தருள்வானாக. ஆமீன்.