விரல் மடக்கி எண்ணுதல்

மின்னலுக்கும் இடிக்கும் இடைப்பட்ட விநாடிகளை விரல் மடக்கி எண்ணக் கற்றுத் தந்தவர் அப்பா. மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர்.

என்ஜிசி 5548 பற்றி வாசித்தபோது அவ்விரல்களே நினைவில் எழுந்தன. சுமார் 24 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள விண்மீன் மண்டலம் அது. அதன் நடுவேயுள்ள கருந்துளையைச் சுற்றிச் சுழலும் வாயுவட்டு நம் தொலைநோக்கிகளுக்கு வெறும் புள்ளிதான். ஆனால் அப்புள்ளியின் ஒளி ஏறி இறங்குகிறது. 2014இல் ஹப்பிளும் ஸ்விஃப்ட் விண்கலமும் அதை மாதக்கணக்கில் கண்காணித்தன. புறஊதா ஒளியின் ஏற்ற இறக்கத்தைக் கட்புல ஒளி ஓரிரு நாள் பிந்தியே பின்பற்றியது. தாமதம்தான் இங்கு அளவுகோல். ஒளி நாளொன்றுக்குக் கடக்கும் தொலைவு தெரிந்ததே. கணக்கிட்டபோது வட்டு, கோட்பாடு சொன்னதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு பெரிதாக இருந்தது.

கருந்துளையருகே பிறக்கும் எக்ஸ் கதிர் வட்டைச் சூடாக்க, மற்ற ஒளிகள் அதன் எதிரொலியாகத் துடிக்கின்றன என்பது நான் நெடுநாள் நம்பிய சித்திரம். அழகான சித்திரம்தான். ஆனால் அவ்வாண்டின் எக்ஸ் கதிர்த் துடிப்புகள் புறஊதாவோடு அத்தனை இணங்கிப் போகவில்லை. சொந்தத் தோல்விபோல அது என்னை உறுத்தியது.

அப்பாவிடம் இதைச் சொல்ல வேண்டும், எழுதித்தான். செவி மங்கிய பிறகும் மின்னலைக் கண்டால் விரல் மடக்கத் தொடங்கிவிடுகிறார். எங்கே நிறுத்துவதென்று என் முகத்தைப் பார்க்கிறார்.