பதிமூன்று சட்டைகள்

2023 ஜூன் 13 காலை. ஆபீசுக்குக் கிளம்புவதற்கு முன் டெலிவிஷனில் கூடைப்பந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் அப்போது முந்தின நாள் இரவு. மயாமியை நாலுக்கு ஒன்று என்று தோற்கடித்து டென்வர் அணி தன் முதல் என்.பி.ஏ. பட்டத்தை வென்றது. எல்லோருடைய கண்ணும் யோகிச்மேல் இருந்தது. நான் தேடியது பெஞ்சுப் பக்கம் நிற்கக்கூடிய ஆறடி மனிதர் ஒருவரை. கூடைப்பந்தில் ஆறடி என்பது குள்ளம். பெயர் இஷ் ஸ்மித். பட்டத்துக்கான ஆட்டங்களில் அவருக்குப் பெரும்பாலும் பெஞ்சுதான். ஆனால் டென்வர் அவருடைய பதிமூன்றாவது அணி. அந்த லீகின் சரித்திரத்தில் இத்தனை அணிகளின் சட்டையைப் போட்டவர் வேறு எவரும் இல்லை. அதுவரை உச்சம் பன்னிரண்டு. நாலு பேர் அந்தப் படியில் நின்றிருந்தார்கள்.

2010இல் முப்பது அணிகளும் சேர்ந்து கல்லூரிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் அறுபது பேரைப் பொறுக்கி எடுத்தன. முதல் பெயர் ஜான் வால். இஷ் ஸ்மித் ஆடியதும் அதே பாயிண்ட் கார்ட் இடம்தான். அறுபதில் அவர் பெயர் இல்லை. ஹூஸ்டன் அவரைத் தனியாகச் சேர்த்துக்கொண்டது. 2011 பிப்ரவரியில் ஷேன் பாட்டியரை மெம்ஃபிசுக்கு அனுப்பியபோது இவரையும் சேர்த்து அனுப்பியது. 2013 பிப்ரவரியில் ஜே. ஜே. ரெடிக்கை ஆர்லாண்டோ மில்வாக்கிக்கு அனுப்பியபோதும் இவர் கூடப் போனார். அந்த ஆகஸ்டிலேயே மில்வாக்கி இவரை ஃபீனிக்சுக்குக் கொடுத்துவிட்டது.

இதில் யாருடைய வன்மமும் இல்லை, கணக்கு இருக்கிறது. சம்பள உச்சவரம்பைத் தாண்டிய அணி, தான் தரும் சம்பளமும் பெறும் சம்பளமும் ஏறக்குறைய ஒத்துப்போனால்தான் ஆட்களை மாற்றிக்கொள்ள முடியும். பெரிய பெயருக்கும் பெரிய பெயருக்கும் இடையில் துண்டு விழும். அதை இட்டு நிரப்பச் சின்னச் சம்பளக்காரர்கள் தேவைப்படுகிறார்கள். சாயங்காலம் டேலி ஆகாத லெட்ஜரின் முன் உட்கார்ந்து பழகியவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் லெட்ஜரில் நான் எழுதும் தொகைக்கு வாடகை வீடு கிடையாது.

இந்தக் கணக்கில் அகப்படாத ஒன்றும் அவர் வாழ்க்கையில் நடந்தது. 2015 வசந்தத்தில் ஃபிலடெல்ஃபியாவுக்கு ஆடினார். பருவம் முடிந்ததும் அவர்கள் போக விட்டுவிட்டார்கள். அந்த டிசம்பரில் அவர்கள் நிலை ஒரு வெற்றி, முப்பது தோல்வி. அணியில் நெர்லன்ஸ் நோயல், ஜலீல் ஓகஃபோர் என்று திறமையான உயரக்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் கைக்கு உரிய நேரத்தில், உரிய இடத்தில் பந்தைக் கொண்டு சேர்க்க ஆள் இல்லை. சும்மா போக விட்ட மனிதரை, எதிர்காலத் தேர்வுரிமைகள் இரண்டைக் கொடுத்து நியூ ஆர்லியன்சிடமிருந்து திரும்ப வாங்கினார்கள். அதிசயம் நிகழவில்லை. பருவ முடிவில் பத்து வெற்றி, எழுபத்திரண்டு தோல்வி. ஆனாலும், ஒரு மனிதர் இல்லாமையால்தான் அவர் செய்துவந்த காரியம் தெரிய வந்தது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இப்படிப்பட்டவரை ஆங்கிலத்தில் ஜர்னிமேன் என்பார்கள். ஊர் ஊராகப் போகிறவர் என்றே பலரும் நினைக்கிறார்கள். சொல்லின் வேர் பிரயாணம் அல்ல, நாள். தொழில் கற்று முடித்து நாள் கூலிக்கு வேலை செய்யத் தகுதி பெற்றவன்; சொந்தப் பட்டறை வைக்கும் ஆசானாக ஆகாதவன். இகழ்ச்சி பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. தொழில் தெரிந்தவன் என்ற பொருள்தான் மூலத்தில் இருந்தது.

இதை நான் ஒரு காரணத்தோடுதான் எழுதுகிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். கவிஞர் பெயர் இங்கே வேண்டாம். தனிக்குரல் இல்லை, பத்திரிகைகளில் பக்கம் நிரப்புகிறவர் என்று முடித்திருந்தேன். நண்பர்கள் அந்த வரியைப் பாராட்டினார்கள். அவர் அதன் பிறகு எழுதவில்லை. என் மதிப்புரைதான் காரணம் என்று நினைக்கும் அளவுக்கு எனக்கு அகந்தை இல்லை. அது காரணமே அல்ல என்று சொல்லிக்கொள்ளத் தைரியமும் இல்லை. அந்தத் தொகுப்பை மறுபடி படித்தேன். தனிக்குரல் இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஒரு வரிகூடப் பொய்யாக இல்லை. அவர் எழுதிய பத்திரிகைகளில் அவருக்குப் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவர்கள் இன்னும் நன்றாகத் தெரிந்தார்கள் என்பதை அன்று நான் பார்க்கவில்லை. நம் விமர்சனத்துக்கு ஆசான்களின் பட்டியல் போடத் தெரியும். ஒரு மொழியில் பந்து எப்படிக் கைமாறுகிறது என்று பார்க்கத் தெரியாது.

இதைச் சாதாரணத்தின் துதியாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தூரத்திலிருந்து மூன்று புள்ளிக் கூடை போடுவது ஸ்மித்தின் பலம் அல்ல. அவர் காலத்து ஆட்டமோ அதை நோக்கியே நகர்ந்தது. வேகம் உண்டு. போன இடத்து ஆட்டமுறையைச் சீக்கிரம் கற்றுக்கொள்ளும் தெளிவும் உண்டு. அவரிடம் என்ன கிடைக்கும் என்று எல்லா அணிக்கும் தெரிந்திருந்தது. அதுவே அவர் தகுதி, அதுவே அவர் எல்லை. எல்லையைச் சொல்வது விமர்சகன் வேலை. எல்லைக்கு உள்ளே நடந்த வேலையைச் சொல்வதும் அவன் வேலைதான். நான் முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டேன்.

2019இல் வாஷிங்டன் இவரை எடுத்தது. காயத்தால் அந்தப் பருவம் முழுவதும் ஆடாமல் இருந்தவர் ஜான் வால். 2010இல் முதலில் அழைக்கப்பட்டவர் இல்லாத குறையை, அன்று அழைக்கப்படவே இல்லாதவர் ஆடித் தீர்த்தார். வாலுக்குப் பட்டம் கிடைக்கவில்லை, இவருக்குக் கிடைத்தது என்று இதை நீதிக்கதை ஆக்கலாம். வால் இவரைவிடப் பெரிய ஆட்டக்காரர். பட்டம் அதை மாற்றாது.

டென்வருக்குப் பின் 2023-24 பருவத்தில் ஸ்மித் தன் பிறந்த ஊரான சார்லட்டுக்கு ஆடினார். முன்பே ஒருமுறை போட்டுக் கழற்றிய சட்டை அது. எண்ணிக்கை பதிமூன்றிலேயே நின்றது.

அந்தத் தொகுப்பு மேஜைமேல் இருக்கிறது. மதிப்புரையின் இரண்டாவது பாதியை எழுத வேண்டும்.