மலிவு யார் தந்த கொடை?

கடைக்கு வருவோர் கேட்கும் முதற் கேள்வி, "என்ன விலை?" இரண்டாவது கேள்வி, "குறைத்துத் தரக் கூடாதா?" இரண்டும் நியாயமானவையே. உழைத்துச் சேர்த்த காசைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்க எவரும் கடமைப்பட்டவரல்லர். ஆனால் மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. "இதை நெய்தவருக்கு என்ன கூலி?" அதைக் கேட்டவர்களை நாம் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நாம் வணிகப் பெருமக்களின் வரிசையில் நிற்பவரல்லோம். கொங்கு நாட்டுச் சிற்றூர் ஒன்றில் ஜமக்காளமும் போர்வையும் துண்டும் விற்கும் சிறு கடை நம்முடையது. நாமும், உடன் உழைக்கும் இரு பெண்களும்தான் அதன் படையும் பரிவாரமும். அந்தக் கடையில் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு: காரணம் சொல்லப்படாத மலிவை, யாரோ ஒருவர் தம் வயிற்றைக் கட்டி ஈடு செய்திருக்கிறார்.

பவானி ஜமக்காளத்தை அறியாதார் யார்? தரையில் பள்ளம் பறித்து அமைத்த குழித்தறியில் கால்களை இறக்கி அமர்ந்து நெய்வது அது. அகலமான விரிப்பென்றால் இருவர் அருகருகே அமர்ந்து, ஒருவர் செலுத்தும் நாடாவை மற்றவர் வாங்கி நெய்வார்கள். 2005-06ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கைத்தறிக்கென ஒதுக்கி 1985ஆம் ஆண்டுச் சட்டம் காக்கும் பொருள்களில் ஜமக்காளத்துக்கும் இடமுண்டு. சட்டம் இருக்கிறது; குறியீடு இருக்கிறது. போலியும் இருக்கிறது!

தரகர் ஒருவர் நம் கடைக்கு வந்தார். விசைத்தறியில் நெய்த விரிப்புகளை அடுக்கி வைத்தார். "பாதி விலைதானுங்க. பவானின்னு சீட்டு ஒட்டியே தந்துடறோம். யாருங்க கண்டுபிடிக்கப் போறாங்க?" என்றார். யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, உண்மைதான். ஆனால், கண்டுபிடிக்கப்படாத பொய் மெய்யாகிவிடுமா? வேண்டாமென்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

இதைக் கேட்டதும், "இயந்திரத்தின் மீது ஏன் இந்தப் பகை?" என்பார் சிலர். பகுத்தறிவை நம்புவோர் இயந்திரத்தைப் பகைப்பதில்லை. விசைத்தறியை ஓட்டுபவரும் பாட்டாளியே. அவருக்கும் உரிய கூலி வேண்டும். விசைத்தறித் துணியை விசைத்தறித் துணி என்று சொல்லி விற்பது வாணிகம். அதன்மேல் குழித்தறிக்காரரின் பெயரை ஒட்டுவதோ, அவருடைய தட்டிலிருந்து சோற்றை அள்ளுவதாகும். நம் பகை பொய்யோடு, பொறியோடு அன்று.

சரக்கை எங்கே வாங்குகிறோம் என்பதோடு அறம் முடிந்துவிடுவதில்லை. பணத்தை எப்போது கொடுக்கிறோம்? மூன்று மாதம், ஆறு மாதம் என்று தவணை சொல்வது கடைவீதியின் வழக்கம். கடைக்காரர் கடன் சொன்னால் மொத்த வியாபாரி கடன் சொல்வார். கடைசியில் நெசவாளர் வட்டிக்குக் கடன் வாங்குவார். நம் தாமதத்துக்கு வட்டி கட்டுபவர் அவரே. ஆகவே கூட்டுறவுச் சங்கத்தில் கொள்முதல் செய்கிறோம். சரக்கு வரும்போதே பணம் தருகிறோம். குறைவாக வாங்குகிறோம், ஆனால் கடனின்றி வாங்குகிறோம்.

நெசவாளருக்காக நெஞ்சுருகிவிட்டு, சொந்தக் கடையில் வேலை செய்வோரை மறந்தால் அது வெறும் வேடம். காலை முதல் இரவு வரை துணிக்கடைப் பெண்கள் நின்றே தீரவேண்டும் என்று எந்த அறிவு சொன்னது? கோழிக்கோட்டுக் கடைவீதிப் பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுப் போராடினர். 2018இல் கேரளம் அதைச் சட்டமாக்கியது. 2021இல் தமிழ்நாடும் தன் சட்டத்தைத் திருத்தியது. ஒரு நாற்காலிக்காகச் சட்டமன்றம் வரை செல்லவேண்டியிருந்தது! நம் கடையில் இரண்டு நாற்காலிகள் உண்டு. கூலி, தேதி தவறாமல் உண்டு. வார விடுமுறை உண்டு.

இதற்கெல்லாம் விலை உண்டா? உண்டு. பண்டிகைக் காலத்தில் நம் விலையைக் கேட்டுவிட்டு அடுத்த கடைக்கு நடப்பவர்களை நாள்தோறும் பார்க்கிறோம். வாடகை நாளில் கல்லாவை இருமுறை எண்ணிப் பார்க்கிறோம். "சிறு கடைக்காரர் ஒருவரால் உலகம் திருந்திவிடுமா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள்.

அவர்களுக்கு ஒரு பழைய செய்தி சொல்வோம். இங்கிலாந்தில் ஏவர்ஹில் என்னும் சிற்றூரில் ஜேம்ஸ் ரைட் என்ற வணிகர் இருந்தார். அடிமைகளின் குருதி கலந்த மேற்கிந்தியச் சர்க்கரையை உண்பதில்லை என்று பல குடும்பங்கள் உறுதி பூண்டிருந்த காலம் அது. அடிமை முறையின் கறை குறைந்த வழியில் கிடைக்கும் வரை சர்க்கரை விற்கமாட்டேன் என்று அவர் 1792இல் செய்தித்தாளில் விளம்பரம் செய்தார். அடிமை வாணிகத்தை பிரிட்டன் 1807இல் சட்டத்தால் தடுத்தது. அது அவர் ஒருவரால் நிகழ்ந்ததன்று. அடிமைகளின் கிளர்ச்சியும் ஆயிரமாயிரம் பேரின் மறுப்பும் சேர்ந்தே நிகழ்ந்தது. அந்த ஆயிரங்களில் ஒரு கடைக்காரரும் இருந்தார்.

நெசவாளரின் வறுமையைத் தலைவிதி என்று சொல்லித் தப்பிக்க முடியாது, தோழர்களே! விதி எழுதுவதில்லை கூலிக் கணக்கை, மனிதர்கள் எழுதுகிறார்கள். மனிதர் எழுதியதை மனிதர் திருத்தலாம். அடுத்த முறை கடையேறும்போது விலையைக் கேளுங்கள். கூடவே அந்த மூன்றாவது கேள்வியையும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடைக்காரர், மறுநாள் தம் மொத்த வியாபாரியிடம் அதையே கேட்பார்.