தோள் ஏற்கும் துப்பாக்கி

ஊரில் நான் பார்த்த துப்பாக்கியெல்லாம் போலீஸ்காரர் தோளில் தொங்கிய த்ரீ நாட் த்ரீதான். கொலராடோவுக்குக் குடிவந்த பிறகே ஒரு ரைஃபிளைக் கையில் எடுத்தேன். இங்கே இலையுதிர்காலம் வந்தால் அக்கம்பக்கத்தார் எல்க் வேட்டைக்கு மலையேறுவார்கள். நம் கடமானின் சாயல், அதைவிடப் பெரிய உடம்பு. ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். ஒன்று கிடைத்தால் வீட்டுக்குக் குளிர்காலம் முழுக்க இறைச்சி.

வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்ததும் எழுந்த கேள்வி, எந்த அளவுத் தோட்டாவுக்கான ரைஃபிளை வாங்குவது? பெரிய மிருகத்துக்குப் பெரிய தோட்டா என்றுதான் நானும் நினைத்தேன். நண்பர் தம்முடைய .300 வின்செஸ்டர் மேக்னத்தைக் கொடுத்துச் சுடச் சொன்னார். முதல் உதையிலேயே தோள் கன்றிவிட்டது. நான்காவது முறை, விசையை இழுக்கும் முன்பே என் கண் மூடிக்கொண்டது. நூறு கெஜத்தில் இருந்த அட்டையில் ஓட்டைகள் மூலைக்கொன்றாகச் சிதறிக் கிடந்தன.

அடுத்து .308 வின்செஸ்டர். அதே அட்டை, அதே தொலைவு. மூன்று குண்டும் ஓர் உள்ளங்கைக்குள் விழுந்தன.

1906-இல் வந்த .30-06, 1952-இல் வந்த .308, 1963-இல் வந்த அந்த மேக்னம் மூன்றிலும் குண்டின் பருமன் ஒன்றே: 0.308 அங்குலம். வேறுபடுவது பித்தளைக் கூட்டுக்குள் இருக்கும் மருந்தின் அளவு. மருந்து கூடக் கூட வேகமும் உதையும் கூடும். எல்க்குக்குக்கூட இம்மாநிலச் சட்டம் கேட்பது குறைந்தது 6 மில்லிமீட்டர் பருமனும் 85 கிரெய்ன், அதாவது ஐந்தரை கிராம், எடையும் உள்ள விரியும் குண்டுதான். நூறு கெஜத்தில் குண்டுக்குப் போதிய ஆற்றல் இருக்க வேண்டும் என்பது கூடுதல் நிபந்தனை. .308 இவற்றையெல்லாம் தாராளமாகத் தாண்டுகிறது. மானுக்கு 150 கிரெய்ன், எல்க்குக்கு 180 கிரெய்ன் என்று தோட்டாவை மாற்றினால் ஒரே ரைஃபிள் இரண்டுக்கும் போதும். மலையடிவாரச் சிற்றூர்க் கடையிலும் தோட்டா கிடைக்கும்.

அந்தப் பருவத்தின் மூன்றாம் நாள், 150 கெஜத்தில் ஒரு பெண் எல்க் பக்கவாட்டில் நின்றது. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நுரையீரல் இருக்கும் இடத்தைக் குறிவைத்தேன். இருபதடி நடந்து விழுந்தது. அருகே போய் அதன் கழுத்தில் கை வைத்தபோது சூடு அடங்கவில்லை. கண்ணை மூடிச் சுட்டிருந்தால், வயிற்றில் காயத்தோடு ஓடி, எந்தப் புதரிலோ இரவெல்லாம் துடித்திருக்கும். எவ்வளவு பெரிய தோட்டாவாலும் அந்தத் தவற்றைச் சரிசெய்ய முடியாது.

முதல் ரைஃபிள் வாங்கப்போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். .308 அல்லது .30-06, இரண்டில் உங்கள் தோள் எதை ஏற்கிறதோ அதை வாங்குங்கள். மிச்சப் பணத்துக்குத் தோட்டா வாங்கி, கண் மூடாமல் சுடும்வரை பழகுங்கள். அதற்குப் பிறகு மலையேறுங்கள். உயிரை எடுக்கப் போகிறவர், அதை ஒரே குண்டில் முடிக்கக் கடமைப்பட்டவர்.