மரம் போல ஒரு செல்

இறந்துபோனவருக்கு நோபல் பரிசு அறிவிப்பதில்லை என்பது 1974 முதல் உள்ள விதி. 2011 அக்டோபர் 3, திங்கட்கிழமை, ஸ்டாக்ஹோமில் இருந்தவர்கள் தங்களுக்கே தெரியாமல் அந்த விதியைத் தாண்டிவிட்டார்கள். மருத்துவப் பரிசில் பாதி ரால்ஃப் ஸ்டெய்ன்மனுக்கு என்று அறிவித்தார்கள். மீதிப் பாதி புரூஸ் பாய்ட்லருக்கும் ஜூல்ஸ் ஹாஃப்மனுக்கும். சில மணி நேரம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. ஸ்டெய்ன்மன் வெள்ளிக்கிழமையே நியூயார்க்கில் காலமாகியிருந்தார். கணையப் புற்றுநோய்.

அந்த நோயோடு அவர் நாலரை வருடம் இருந்தார். சும்மா இருக்கவில்லை. தான் கண்டுபிடித்த செல்லை வைத்தே தனக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டார். அந்தக் கதைக்குப் போவதற்கு முன் அந்தச் செல் என்ன வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கிருமி உள்ளே வந்தால் வெள்ளை அணுக்கள் சண்டை போடும் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்போம். சரிதான். ஆனால் யார் எதிரி என்று எப்படித் தெரிகிறது? டி செல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் ஒரு வைரஸ் நேராக மோதினாலும் அதற்கு அடையாளம் தெரியாது. அந்த வைரஸின் புரதத்தை யாராவது துண்டு துண்டாக நறுக்கி, ஒரு துணுக்கை எம்.எச்.சி. என்ற மூலக்கூறில் ஏந்தி, செல்லின் வெளிப்பக்கம் நீட்டிக் காட்ட வேண்டும். அப்போதுதான் அதன் கண்ணுக்குப் படும். ஏந்துகிற தட்டும் சொந்த உடம்பின் தட்டாக இருக்க வேண்டும். 1974-ல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஜிங்கர்நாகலும் டோஹர்ட்டியும் எலிகளில் இதைக் காட்டினார்கள். வைரஸ் தொற்றிய ஓர் எலியின் டி செல்கள், அதே இனத்து எலியின் தொற்றிய செல்களைக் கொன்றன. அதே வைரஸ் தொற்றிய வேறு இனத்து எலியின் செல்களை விட்டுவிட்டன. இதற்கு 1996-ல் அவர்களுக்கு நோபல் கிடைத்தது.

சரி, ஒரு டி செல்லுக்கு முதன்முதலாக அந்தத் துணுக்கைக் காட்டி எழுப்பிவிடுவது யார்? மேக்ரோஃபேஜ் என்ற பெருந்தீனிச் செல்தான் என்று அப்போது பலரும் நம்பினார்கள். மாண்ட்ரியலில் பிறந்து, 1970-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜான்வில் கோனின் ஆய்வகத்தில் சேர்ந்த ஸ்டெய்ன்மன், எலியின் மண்ணீரலை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே விரலும் கிளையுமாக நீட்டிக்கொண்டு, ஓயாமல் உருவம் மாற்றிக்கொண்டு, ஒரு புதுச் செல். எண்ணிக்கையில் மிகக் குறைவு. 1973-ல் கோனும் அவரும் அதற்கு டென்ட்ரிடிக் செல் என்று பெயர் வைத்தார்கள். கிரேக்கத்தில் டென்ட்ரான் என்றால் மரம். மனைவி கிளாடியாவின் பெயரை வைக்கலாமா என்றுகூட அவர் யோசித்ததாகச் சொல்வார்கள்.

யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1978-ல் டி செல்களைத் தூண்டுவதில் இது மற்ற செல்களைவிடக் குறைந்தது 100 மடங்கு வலிமையானது என்று காட்டினார்கள். அப்போதும் சந்தேகம் தீரவில்லை. இத்தனை அரிதான செல்லைப் பிரித்தெடுப்பதே பெரும்பாடு என்பதால், மற்ற ஆய்வகங்களும் எளிதில் இதில் இறங்கவில்லை. 1992-ல் ஆய்வகத்திலேயே ஏராளமாக வளர்க்கும் வழி வந்த பிறகுதான் நிலைமை மாறியது. கிட்டத்தட்ட இருபது வருடம்! ஒரே செல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் மனிதர்.

இதன் வேலை பாதி காவல், பாதி தபால். தோலிலும் நுரையீரலிலும் குடலிலும் காத்திருக்கும். அந்நியமாக ஏதாவது அகப்பட்டால் விழுங்கி, நறுக்கி, துணுக்கை ஏந்திக்கொண்டு அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்குப் பயணப்படும். அங்கே வந்துபோகும் டி செல்களில், லட்சத்தில் ஒன்றோ பத்து லட்சத்தில் ஒன்றோதான் அந்தத் துணுக்குக்குப் பொருந்தும். அது வரும்வரை காட்டிக்கொண்டே இருக்கும். துணுக்கு பொருந்தினால் மட்டும் போதாது, ஆபத்து உண்மைதான் என்று இரண்டாவது சைகையும் தர வேண்டும். கம்பெனி செக்கில் இரண்டு பேர் கையெழுத்துப் போடுவதில்லையா, அதுபோல. ஒன்று மட்டும் இருந்தால் டி செல் செயலிழந்துவிடும். நம் உடம்பை நம் படையே தாக்காமல் இருப்பதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம்.

புற்றுநோயில் இதுதான் சிக்கல். கட்டி நம் செல்லிலிருந்தே வந்தது. இரண்டாவது கையெழுத்து பெரும்பாலும் விழுவதே இல்லை.

2007-ல் ஸ்டெய்ன்மனுக்கு நோய் தெரிந்தது. அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டியின் துண்டுகள் சக விஞ்ஞானிகளின் ஆய்வகங்களுக்குப் போயின. வழக்கமான கீமோதெரபியோடு, சோதனை நிலையிலிருந்த எட்டு சிகிச்சைகள் வரை அவர் எடுத்துக்கொண்டார். அவற்றில் மூன்று, டென்ட்ரிடிக் செல்லை நம்பிய தடுப்பூசிகள். ரத்தத்திலிருந்து செல்களை எடுத்து, டென்ட்ரிடிக் செல்லாக வளர்த்து, கட்டியின் அடையாளத்தை ஊட்டி, திரும்பவும் உடம்பில் செலுத்துவது ஒரு முறை. எதிரியைக் காட்டிக்கொடுக்க ஆள் அனுப்புவது மாதிரி. சொந்த உடம்புதானே என்று குறுக்கு வழியில் போகவில்லை. ஒரே நோயாளிக்கான அனுமதி, பதிவேடு என்று முறைப்படிதான் நடந்தது.

அந்த ஊசிகளால்தான் நாலரை வருடம் கிடைத்ததா? சொல்ல முடியாது. ஒரே நோயாளி, ஒரே நேரத்தில் பல மருந்துகள், ஒப்பிட யாரும் இல்லை. எந்த வரவு எந்தக் கணக்கில் என்று பிரிக்க வழியே இல்லாத பேரேடு அது. இதை மற்ற எவரையும்விட நன்றாக அறிந்திருக்க வேண்டியவர் அவர்தான். இருந்தும் ஊசியை நீட்டியபோது கையை நீட்டினார். அதை வீம்பு என்று சொல்ல மனம் வரவில்லை. 2010-ல் அமெரிக்காவில் புராஸ்டேட் புற்றுநோய்க்கு, நோயாளியின் சொந்தச் செல்களைப் பழக்கித் திருப்பிச் செலுத்தும் சிப்யூலூசெல்-டி சிகிச்சைக்கு அனுமதி கிடைத்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

நோபல் அறிவிப்பு நெருங்கிய வாரத்தில், திங்கட்கிழமை வரை தாக்குப்பிடிக்க வேண்டும், இறந்தவர்களுக்குத் தரமாட்டார்கள் என்று வீட்டில் வேடிக்கையாகப் பேசிக்கொண்டார்களாம். மூன்று நாள் குறைந்துவிட்டது. அறிவித்தபோது உயிரோடு இருக்கிறார் என்று நம்பித்தான் அறிவித்தோம், ஆகவே பரிசு செல்லும் என்று குழு அன்றே முடிவு செய்தது. டிசம்பரில் ஸ்டாக்ஹோம் போய் அதை வாங்கிக்கொண்டவர் கிளாடியா.